சோபா ஏறிய வேட்டை நாய்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்றில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. மந்தையைக் காக்கும் சண்டையில் அவன் விழுந்தான். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லெழுத்து சொல்கிறது. கல்லின் காலம் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. அந்தப் பல்லவனின் மகன் மாமல்லன் பெயர் தாங்கிய மாமல்லபுரம், சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நாய்க்குப் பெயர் வைத்து அதைக் கல்லிலும் வெட்டிய மரபு இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

இன்று கோவளத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் ஒல்லியான நாயை வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது இங்கிலாந்து இனமான விப்பெட்டை. இருபது அங்குல உயரம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும் ஓட்டம். அதே உடல்வாகில், அதைவிட நாலைந்து அங்குலம் உயரமாக, கரிசல் காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் பல தலைமுறையாக இருக்கின்றன. மோப்பத்தை நம்பாமல் கண்ணால் பார்த்து இரையை விரட்டும் இனங்கள் இவை. இங்கிலாந்திலும் இங்கேயும் இவற்றின் வாழ்க்கை ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போயிருக்கிறது.

விப்பெட்டையும் கோவளத்தையும் இணைப்பது துணி; 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கோவளத்தைத் தேடி வந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். பெல்ஜியக் கரையின் ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே தங்குமிடம் அமைத்திருந்தது. பிறகு ஆற்காட்டு நவாப் கட்டிய கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1752-இல் அதை ராபர்ட் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தார். அடுத்த நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி வந்து குவிந்து சோழமண்டலக் கரையின் தறிகளை நொடிக்க வைத்தது. அந்த ஆலைகளில் நெய்தவர்கள், பக்கத்துச் சுரங்கங்களில் நிலக்கரி வெட்டியவர்கள் வீடுகளில்தான் விப்பெட் வளர்ந்தது.

ஏழையின் பந்தயக் குதிரை என்று அதற்குப் பட்டப்பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்வார்; இருநூறு கஜத்துக்கு அப்பால் சொந்தக்காரர் ஒரு கந்தல் துணியை ஆட்டிக் கத்துவார். துணியைக் கவ்வத் துடித்து நாய் பாயும். வார நாட்களில் முயல் பிடித்துக் குழம்புக்கு வழி செய்யும். இரவில் குழந்தைகளோடு ஒரே போர்வைக்குள் தூங்கும். 1891-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. 1926-இல் மான்செஸ்டரில் இயந்திர முயலின் பின்னால் கிரேஹவுண்டுகள் ஓடத் தொடங்கியபின் கந்தல் பந்தயங்கள் மங்கின. விப்பெட் மட்டும் மங்கவில்லை, வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

கரிசல் காட்டில் கதை வேறு ஊர், வேறு சாப்பாடு. கம்பங்கூழோ கேப்பைக்கூழோ மோர் விட்டுக் கரைத்து நாய்க்கு ஊற்றுவார்கள். வீட்டு ஆளைத் தவிர வேறு யார் கையிலும் உண்ணாத கன்னி நாய்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அவற்றைக் கல்யாணப் பெண்ணோடு சீராக அனுப்பிய வழக்கத்தையும் சொல்வார்கள். அறுவடை முடிந்த காட்டில் முயல் வேட்டைதான் இந்த நாய்களின் வேலை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. முயலைப் பிடித்தால் நாய்க்காரர் நீதிமன்றம் ஏற வேண்டும் என்றானது. வேலையில்லாத நாயை யார் வளர்ப்பார்கள்? எண்ணிக்கை தேயத் தொடங்கியது.

அரசும் கை கொடுத்துப் பார்த்தது. சைதாப்பேட்டையில் 1980-களின் தொடக்கத்தில் நாட்டு இன நாய்ப் பெருக்க நிலையம் வந்தது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைக் குட்டிகள் அங்கே கிடைத்தன. நாய்களின் பராமரிப்பு பற்றிய புகார்கள் வழக்காகி, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. இடையில், 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்றில் ராஜபாளையம் இடம்பெற்றது. 2017-இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்கள் பற்றி எழுதிய நூல் வந்தது. 2020 ஆகஸ்ட் வானொலி உரையில் பிரதமர் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இதற்கெல்லாம் பின்னால்தான் கடலோர வீடுகளில் இவை சோபாவைப் பிடித்துக்கொண்டன.

வீட்டுக்கு வந்தாலும் உடம்பு பழைய உடம்புதான். பாயும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நான்கு கால்களும் தரையைவிட்டு எழும். தலையைவிடக் கழுத்து தடிமனாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னோக்கி இழுத்தே உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் இறுகி, விட்டால் தளரும் அகலமான பட்டைதான் இவற்றுக்குச் சரி. கொழுப்பு குறைந்த உடம்பு என்பதால் சிலவகை மயக்க மருந்து இறங்க நேரமாகும். அறுவைக்கு முன் கால்நடை மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிட வேண்டும். மெல்லிய தோல், முள்ளில் உரசினாலே கிழியும். உண்ணி ஏறினால் காய்ச்சல் வரும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் காது மடிப்பையும் விரலிடுக்கையும் தடவிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

மற்றபடி அமைதியான பிராணி. ஒரு ஓட்டம் முடிந்தால் பாதி நாள் தூங்கும், தேவையில்லாமல் குரைக்காது, குழந்தைகளைத் தள்ளிவிடாது. பூனையோ கோழியோ ஓடினால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸும் காரும் பறக்கும்போது அது ஆபத்து. கடற்கரையில் அவிழ்த்துவிடலாமே என்றால், 2021-இல் தூய கடற்கரைகளுக்கான நீலக்கொடிச் சான்று பெற்றது கோவளம். அந்தச் சான்றின் விதிகளில் ஒன்று, கடற்கரைக்குள் நாய்கள் வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. ஆகவே கோவளத்து வேட்டை நாய்க்கு மிச்சமிருப்பது சுற்றுச்சுவர் எழுப்பிய மனையோ, வேலியிட்ட சவுக்குத் தோப்போதான். விடியும் முன் அங்கே கொண்டுபோய், கதவைத் தாழிட்ட பிறகு பட்டையைக் கழற்றுகிறார்கள்.