கல்லாவின் இரு பக்கம்

கஸ் வான் சான்ட்டின் ‘மாலா நோச்சே’ (1986), ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ (2015) இரண்டையும் சேர்த்துப் பேசுவோர் முதலில் சொல்வது சிக்கனத்தை. முன்னது ஏறத்தாழ 25,000 டாலரில், 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில் உருவானது; பின்னது ஐபோன் 5எஸ்ஸில். அது முகங்களைப் பாதி இருட்டில் வைக்கிறது. இது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளின் ஆரஞ்சு வெயிலில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறது.

இவை கண்ணில் உடனே படுபவை. வியப்பு, இரண்டின் நடுவிலும் ஒரு கடை இருப்பதில். போர்ட்லாந்தின் சிறு கடையில் ‘மாலா நோச்சே’யின் நாயகன் வால்ட் கல்லாவுக்கு உள்ளே நிற்கிறான். ஹாலிவுட்டின் டோனட் கடையில் ‘டேஞ்சரி’னின் திருநங்கையர் சின்-டீயும் அலெக்ஸாண்ட்ராவும் ஒற்றை டோனட்டைப் பங்கிட்டுக்கொண்டு கல்லாவுக்கு வெளியே அமர்ந்திருக்கிறார்கள். அங்கே புலம்பெயர்ந்தவன், மெக்சிகோவிலிருந்து வந்த ஜானி. உடலின்பத்துக்காக வால்ட் 15 டாலர் நீட்டுவது அவனிடம். இங்கே புலம்பெயர்ந்தவர், ஆர்மீனிய டாக்சி ஓட்டுநர் ரஸ்மிக். பணம் நீட்டுபவரே அவர்தான். நிலை அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

இதைவிட நுட்பமான உறவு ஒன்றுண்டு. மதுக்கூடத்தில் பாட அலெக்ஸாண்ட்ராவுக்கு யாரும் கூலி தரவில்லை. பாடுவதற்கு அவளே பணம் கட்டியிருக்கிறாள். வால்ட்டும் அவளும் காசு கொடுத்துக் கேட்பது ஒன்றையே: யாராவது தங்களைப் பொருட்படுத்த வேண்டும். அவன் கேட்பது இல்லாதவனிடம். அவள் கொடுப்பது தன் உடலை விற்றுச் சேர்த்ததிலிருந்து. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள முடியாது.

பேச்சிலும் ஒரு முரண். வான் சான்ட் தன்பாலீர்ப்பாளர். வால்ட் கர்டிஸின் தன்வரலாற்றுக் குறுநாவல் அவருக்கு மூலம். ஆயினும் படம் வால்ட்டின் குரலிலேயே நடக்கிறது; ஆங்கிலம் அறியாத ஜானியின் மனம் நமக்குக் கடைசிவரை திறப்பதில்லை. பேக்கர் திருநர் வாழ்வுக்கு வெளியிலிருந்து வந்தவர். ஆயினும் கிடானா கிகி ராட்ரிகஸ், மையா டெய்லர் ஆகிய திருநங்கையரின் அனுபவங்களைக் கேட்டே கதையை வளர்த்தார். அவர்கள் ஏற்ற பாத்திரங்கள் படம் முழுக்க ஓயாமல் பேசுகின்றன.

இதனால் ‘டேஞ்சரின்’ உயர்ந்தது என்று முடித்துவிட மனம் வரவில்லை. தன் நாயகனின் காதலில் எவ்வளவு அதிகாரம் கலந்திருக்கிறது என்பதை ‘மாலா நோச்சே’ மறைக்கவில்லை. அறிமுகப் படத்தில் இது அரிய துணிவு. நேர்மையில் என் வாக்கு அதற்கே. மறுமுறை பார்க்க நான் எடுப்பது என்னவோ ‘டேஞ்சரி’னைத்தான்.