நீலகிரிச் சோலைக்காட்டுத் தடங்கள்: மேய்ச்சல் வழி முதல் தேசியப் பூங்கா வரை

நீலகிரியின் வழித்தட வரலாறு பெரும்பாலும் 1819இல் ஜான் சல்லிவன் மலையேறியதிலிருந்தே எழுதப்படுகிறது. எனினும், அதற்கு முன்பே அம்மலையில் தடங்கள் இருந்தன. வறண்ட காலத்தில் தோதவர் தம் எருமைகளைக் குந்தா மலையின் புல்வெளிகளுக்கு ஓட்டிச்சென்ற வழிகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவர்களது நம்பிக்கையில் முக்கூர்த்தி முடி மறுவுலகின் வாயிலுமாகும்.

1830களின் தொடக்கத்தில், ஆளுநர் லஷிங்டன் காலத்தில், உதகையைக் கோழிக்கோட்டுடன் இணைக்கச் சிஸ்பாரா மலைவழி அமைக்கப்பட்டது. கடும் பருவமழைக்கு ஈடுகொடுக்க இயலாமல் அது பின்னர் கைவிடப்பட்டது. அரசு வகுத்த வழி அழிய, எருமைகள் வகுத்த வழிகள் நெடுங்காலம் நிலைத்தன. முன்னது கடற்கரையை நோக்கியது. பின்னவை புல்லையும் நீரையும் பின்தொடர்ந்தன என்பதே வேறுபாடு.

1990இல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவானது. இன்று அங்கு நடப்பதற்கு வனத்துறையின் இசைவு தேவை. ஆயினும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. மரபான மேய்ச்சல் நிலங்களை அவ்வுரிமைக்குரிய சான்றாக அதன் விதிகள் கொள்கின்றன. எனவே, மலையேறுவோர் இயற்கைக் காட்சிக்கான பாதையாகக் காணும் ஒற்றையடித்தடம், வரலாற்று நோக்கில் ஓர் உரிமை ஆவணமாகவும் வாசிக்கத்தக்கது.