கிளாரினெட் வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் பண்டிகை, கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு செட் வரும். அதில் ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் கருப்பாக, வெள்ளி நிறச் சாவிகளோடு ஒரு குழல் இருக்கும். அதுதான் கிளாரினெட். சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் அது லாயக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வரலாறு வேறு.

1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கிய வாத்தியம் இது. வெள்ளைக்காரர்களின் ராணுவ பேண்டு வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனார் இதைச் சதிர்க் கச்சேரிக்குள் கொண்டு வந்தார் என்பார்கள். அதன் பிறகு நெடுங்காலம் நாட்டியத்துக்குப் பக்கவாத்தியமாக இருந்தது. பாலசரஸ்வதி அம்மையாரின் குழுவில் ராதாகிருஷ்ண நாயுடு கிளாரினெட் வாசித்தார்.

சரி, அந்நிய வாத்தியத்தில் நம் ராகத்தை வாசிக்க யார் சொல்லிக் கொடுப்பது? இதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, காவிரிக் கரையில், திருச்சியில் பிறந்த ஏ.கே.சி. நடராஜன். பிறந்தது 1931. தந்தை சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட் கலைஞர். ஆனால் மகனின் படிப்பு கிளாரினெட்டோடு நிற்கவில்லை. ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டு கற்றார். ஆலத்தூர் சகோதரர்களை உருவாக்கிய குரு அவர். இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதஸ்வரம் கற்றார். அதாவது வாத்தியம் வீட்டிலிருந்து வந்தது, சாகித்யம் பாட்டிலிருந்து வந்தது, விஸ்தாரமான ராக ஆலாபனை நாதஸ்வரத்திலிருந்து வந்தது.

இது ஏன் தேவைப்பட்டது? நாதஸ்வரத்தில் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட்டில் அப்படி இல்லை. கீழே 'ஸ' பிடித்த விரலமைப்பில் மேலே போனால் வருவது மேல் ஸ்தாயி 'ப'. ஆக, மேலே ஒரு விரலமைப்பு, கீழே ஒரு விரலமைப்பு. சாவியை அழுத்தினால் ஸ்வரம் துண்டு துண்டாக வரும், கமகம் வராது. துளையைப் பாதி மூடியும் உதட்டால் அழுத்தியும் அதை வரவழைக்க வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்று சாவி சொல்லாது. பாடத் தெரிந்த காது சொல்லும்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையே அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார். 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ.

எனக்கு ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொன்னது இதுதான்: பாடம் தெரிவது வேறு, அதைப் பிள்ளைக்குள் இறக்குவது வேறு. இந்த வாத்தியத்துக்கு இரண்டையும் ஒரே ஆளிடம் பெறுவது அபூர்வம்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் என்று ஏழு பிரிவுகள். கிளாரினெட் இல்லை. கல்யாண வீட்டில் செண்டை மேளம் வந்துவிட்டது. பேண்டு செட் பெரியவர்களுக்கு வேலை குறைகிறது. அவர்கள் விரலில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் வழி அடைபடவில்லை. நம் சேலத்து இசைப்பள்ளியில் பிள்ளை குரலிசையோ நாதஸ்வரமோ கற்கட்டும். வாத்தியம் பிடிக்கும் விதத்தை ஊரில் உள்ள பேண்டு செட் கலைஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அன்று அந்தத் திருச்சிப் பிள்ளை போன வழியும் ஏறக்குறைய இதுதான்.

உங்கள் ஊரில் கிளாரினெட் வாசிக்கும் பெரியவர் இருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசுங்கள். "ஐயா, உங்களுக்கு வாத்தியார் யாருங்க?" என்று கேட்டு, சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் சம்மதித்தால் வாசிப்பதைப் போனில் பதிவு செய்யுங்கள். சும்மா கேட்டுவிட்டு வராதீர்கள், கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.