உவர் நிலமும் மேய்ச்சலும்

ரேணிகுண்டா சந்திப்பில் வண்டி மாறக் காத்திருந்த வேளையில், நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தை நினைத்துக்கொண்டோம். அந்நாளில் சந்திப்புதோறும் நல்ல நீர் வேண்டியிருந்தது; உப்பு நீர் கொதிகலனைக் கெடுத்துவிடும். இக்கவலையிலிருந்தே ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவில், எஞ்சினுக்கு நீர் சேர்க்கும் தேக்கங்களுக்கு மழைநீர் மிகுதியாக வரட்டும் என்று, சுற்றியிருந்த மரங்களின் பட்டையைச் சீவிக் கொன்றனர். நீர் மிகுந்தது; ஆயின் உவர்த்தது. ரயில்வேப் பொறியாளர் டபிள்யூ. இ. வுட் இதனை ஆராய்ந்து 1924ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். ஆழ வேரோடிய மரங்கள் உறிஞ்சிய நீர், அவை மாண்டபின் நிலத்தடியிலே தங்கி உயர்ந்து, அங்கு உறங்கிய உப்பையும் உடன் கொணர்ந்தது.

நம் நாட்டில் இக்கேள்வி அதற்கும் முந்தியது. வடக்கே கால்வாய்ப் பகுதிகளில் உப்புப் பூத்ததைக் கண்டு 1877இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்த உப்பு அங்கே 'ரே'. அது படிந்த தரிசு 'ஊசர்'. வடமொழி 'ஊஷரம்' என்பதன் திரிபே ஊசர். தெலுங்கில் சவுடு, தமிழில் உவர், களர். எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை இட்டு நிரப்பும் மொழிபெயர்ப்பாளர் பிழை நம்மிடமும் உண்டு! கல்லாதவரைக் களருக்கு ஒப்பிட்ட வள்ளுவர், அந்நிலம் திருந்தாது என்றே கருதினார் போலும்.

ஆனால் திருந்தியது. இந்திய வேளாண்மையைப் பார்வையிட வந்த வோல்க்கர் என்னும் அறிஞர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் அலிகார்ச் சோதனைகளை விவரிக்கிறார். கால்நடை புகாமல் வேலியிட்டு, மழைநீர் ஓடாமல் வரப்பிட்ட ஊசரில் புல் முளைத்தது. புல்லின் நிழல் ஆவியாதலைக் குறைக்கும். வேர் மண்ணைத் திறக்கும். இறங்கும் நீர் உப்பைக் கீழே கொண்டுசெல்லும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் படுகையிலோ உப்பு மண்ணோடு அரித்து வருவது. அங்கே பேட்ஜர் வாஷ் என்னுமிடத்தில் 1953 முதல், மேய்ந்த நீர்ப்பிடிப்புகளையும் மேயாதவற்றையும் அருகருகே வைத்து அளந்தனர். மேய்ச்சல் நின்ற இடத்தில் ஓடிய நீரும் வண்டலும் குறைந்தன. உப்பைத் தடுக்கும் தனிச் சட்டம் 1974இல் பிறந்தது.

ஒன்று மட்டும் நமக்கு உறுத்துகிறது. சொர்ணமுகிக் கரையோர மேய்ச்சல் நிலத்தை அடைத்தால், ஆட்டுக்காரர் புல் வளருமட்டும் எங்கே போவார்? முழுவதையும் ஒருசேர அடைக்காமல் பகுதி பகுதியாக அடைத்து, விளைந்த புல்லை அறுத்துச் செல்ல அவருக்கே உரிமை தருவது தகும் என்பது நம் கருத்து.