சாம்பலில் மாறிய நிக்கல்: குளிர் இணைவுக்குச் சான்று உண்டா?

பற்றரிக்குத் தடையும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடும் இருந்த 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும் கொடிகாமத்தில் என் அயலவர்கள். 2022 இல் எரிபொருள் வரிசையும் நீண்ட மின்வெட்டும் வந்தபோது அந்தக் காலத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதனால், ஒரு கிராம் தூளில் ஒரு மாதம் சூடு தரும் உலை என்று ஒரு காணொளி கைபேசிக்கு வந்தால், "இது உண்மையோ தம்பி?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் படித்தது ஊடகக் கற்கை, இயற்பியல் அல்ல. ஆனால் ஒரு சான்று யார் கையால் வந்தது என்று பார்ப்பது என் வேலை. இந்த விடயத்தில் அதுதான் முக்கியம்.

சமதானி என்றால் என்ன?

ஒரே மூலகத்தின் அணுக்களில் புரோத்தன் எண்ணிக்கை ஒன்றுதான். நியூத்திரன் எண்ணிக்கை மாறலாம். அந்த வகைகளே சமதானிகள். இயற்கை நிக்கலில் ஏறக்குறைய 68 வீதம் நிக்கல்-58, 26 வீதம் நிக்கல்-60, 3.6 வீதம் நிக்கல்-62. எரித்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் இந்த விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மாறாது. உலையில் இட்ட தூளிலும் எடுத்த சாம்பலிலும் விகிதம் பெரிதாக வேறுபட்டால், ஒன்றில் அணுக்கருவில் ஏதோ நடந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே பொருள் அல்ல.

பம்பாயும் சென்னையும்

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பொன்ஸ், பிளைஷ்மன் என்ற இரு இரசாயனவியலாளர்கள், பாரநீரில் பலேடியக் கோலை வைத்து மின்னோட்டம் செலுத்தி, அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவைக் கண்டதாக அறிவித்தனர். சில வாரங்களில் பம்பாயின் பாபா அணு ஆராய்ச்சி மையமும், பி. கே. ஐயங்காரின் தலைமையில், பரிசோதனைகளைத் தொடங்கியது. ஐதரசனின் கதிர்த்தொழிற்பாடுள்ள சமதானியான திரித்தியம் தோன்றியதாக அங்குள்ள குழுக்கள் அறிக்கையிட்டன. அந்த முயற்சியில் முன்நின்ற மகாதேவ சீனிவாசன் ஓய்வுக்குப் பிறகும் இத்துறையை விடவில்லை. 2011 பெப்ரவரியில் இதன் பன்னாட்டு மாநாடு சென்னையில் நடந்தது. ஆனால் வேறு ஆய்வகங்கள் விரும்பியபோதெல்லாம் மீண்டும் பெறக்கூடிய முடிவாக அது நிலைபெறவில்லை.

லுகானோ சாம்பல்

சென்னை மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன், இத்தாலியரான அந்திரேயா ரொஸ்ஸி நிக்கல் தூளில் இயங்கும் உலையொன்றைப் பொலோனியாவில் காட்டினார். 2014 இல் சுவிற்சர்லாந்தின் லுகானோவுக்கு அருகே, இத்தாலிய, சுவீடிய ஆய்வாளர்கள் அவருடைய உலையை 32 நாட்கள் ஓட்டி, ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டனர். அதன்படி நிக்கல்-58 சுமார் 67 வீதத்திலிருந்து ஒரு வீதத்துக்கும் கீழே இறங்கியது. நிக்கல்-62 ஏறக்குறைய 4 வீதத்திலிருந்து 98 வீதத்துக்கு மேல் ஏறியது.

இந்த எண்கள் உண்மையான மாற்றமாக இருந்தால் இயற்பியலைத் திருத்தி எழுத வேண்டும். ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் இல்லை.

நிக்கல்-58 நியூத்திரன்களை ஒவ்வொன்றாக ஏற்று 62 ஆவதானால், கதிர்த்தொழிற்பாடுள்ள நிக்கல்-59 வழியில் வர வேண்டும். சாம்பலிலோ உலையைச் சுற்றியோ கதிர்வீச்சு காணப்படவில்லை. நிக்கல் முழுவதும் மாறி முடிந்திருந்தால் சூடு தணிந்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. இலித்தியம்-6 இன் பங்கை ஓர் அளவீட்டு முறை 92 வீதம் என்றது, இன்னொன்று 57 வீதம் என்றது. பரிசோதித்த சாம்பலோ சில மில்லிகிராம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று. தூளை உலையில் இட்டபோதும் சாம்பலை வெளியே எடுத்தபோதும் கண்டுபிடிப்பாளரான ரொஸ்ஸியின் கை அதில் இருந்தது என்று அறிக்கையே சொல்கிறது. செறிவூட்டிய நிக்கல்-62 விலைக்கு வாங்கக்கூடிய பொருள். தூள் மாற்றப்பட்டது என்று நான் சொல்லவில்லை. மாற்றப்படவில்லை என்று காட்டும் வழியை அந்தச் சோதனை வைக்கவில்லை என்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த கேள்வி

சமதானி அளவீடு எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. மன்னார் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகள் புளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. காபன்-14 என்ற சமதானியை அளந்த அந்த ஆய்வகம், எலும்புகள் பல நூற்றாண்டு பழையவை என்று 2019 மார்ச்சில் அறிவித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அந்த ஒரு முடிவோடு விடயத்தை மூட உடன்படவில்லை. மேலதிக ஆய்வு கேட்டார்கள். அவர்கள் அறிவியலை மறுத்தவர்கள் அல்லர். ஒரு சில மாதிரிகள் முழுப் புதைகுழிக்கும் சாட்சியாகுமா என்று கேட்டார்கள். லுகானோவின் சாம்பலிடமும் கேட்க வேண்டியது அதையேதான்: மாதிரியை யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, எவ்வளவு எடுத்தது, இன்னொரு ஆய்வகம் என்ன சொல்கிறது?

கூகுளின் நிதியில் ஏறக்குறைய 30 ஆய்வாளர்கள் 2015 முதல் குளிர் இணைவை மீண்டும் தேடினார்கள். 2019 இல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களின் முடிவு, சான்று எதுவும் கிடைக்கவில்லை என்பதே. ஆகவே அயலவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: அந்தக் காணொளியை நம்பி எவரிடமும் காசு கட்ட வேண்டாம். கூரையில் சூரியப் படல் போட வைத்த காசு என்றால், அதை அதற்கே வையுங்கள்.