பழைய மடிக்கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்

ஓய்வு பெற்ற 2012-ல் வாங்கிய மடிக்கணினி. பட்டனை அழுத்திவிட்டுத் திராட்சைத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் திரை வந்திருக்காது. "புதுசு வாங்குங்க தாத்தா" என்றான் பேரன். அதற்குள்தான் என் அம்மாவின் பேச்சுப் பதிவு இருக்கிறது.

1956-ல் ஐ.பி.எம். ராமாக் கணினியோடு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவோ 5 எம்.பி.கூட இல்லை, இன்றைய செல்போன் படம் ஒன்றிரண்டுதான் அடங்கும்! அந்தச் சுழலும் தட்டுதான் 2.5 அங்குலமாகச் சுருங்கி என் கணினிக்குள்ளும் இருந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அதேதான். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் கிடையாது. வேகத்துக்கு அதுவே காரணம்.

சின்னமனூர்க் கடைத் தம்பி டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சட்டம் வைத்துப் பழைய டிஸ்க்கைப் பொருத்தினார். அது இருந்த இடத்தில் புது எஸ்.எஸ்.டி. விண்டோஸ் ஏற்றும்போது திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு வரி. எதை அழிப்பது? எனக்கு வியர்த்துவிட்டது.

"பழசைக் கழற்றி வச்சிருங்க தம்பி. புதுசுல ஏத்தி முடிச்சப்புறம் மாட்டுவோம்."

"ஒண்ணும் ஆகாது சார்" என்று முகம் சுளித்தாலும் கழற்றினார்.

இப்போது அரை நிமிடத்தில் திரை வருகிறது. பழைய டிஸ்க்கை நம்பாமல் அம்மாவின் பதிவைப் பென் டிரைவிலும் ஏற்றிக்கொண்டேன். முதல் வரியே, "இதுல பேசுனா யாருக்குடா கேக்கும்?"