ஜாமீனுக்கு யார்?

பொருளாதாரப் புத்தகங்களில் இடம்பெறாத பாங்கு ஒன்று நம் நாட்டில் வெகு காலமாக நடந்து வந்திருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது, குமாஸ்தா கிடையாது, பேரேடும் கிடையாது. அரிசிப் பானைக்குள்ளும், அஞ்சறைப் பெட்டியின் அடியிலும், புடவை மடிப்பிலும் அதன் கிளைகள் உண்டு. சிறுவாடு என்று அதற்குப் பெயர். மோர் விற்ற காசு, கறிகாய் வாங்கியதில் மிச்சம் பிடித்த காசு, பிறந்த வீட்டுக்குப் போனபோது அண்ணன் கையில் வைத்து அழுத்திய காசு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். குழந்தைக்கு ஜுரம் என்றாலும், தீபாவளிச் செலவு கையை மீறிவிட்டாலும் வீட்டுக்காரர் நாடுவது அந்தப் பாங்கைத்தான். அங்கே வட்டி கேட்க மாட்டார்கள். முதலைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் அவ்வளவாக இல்லை!

வேடிக்கை என்னவென்றால், கடன் கொடுப்பதில் இவ்வளவு தாராளமாக இருந்தவர்களுக்குக் கடன் வாங்க மட்டும் உலகத்தில் இடம் இல்லாமல் போயிற்று. ஒரு பெண் சொந்தமாகத் தொழில் நடத்த முதல் வேண்டும் என்று போய் நின்றால், என்ன தொழில், எவ்வளவு லாபம் வரும் என்று யாரும் விசாரிப்பதில்லை. "ஜாமீனுக்கு யார்?" என்பதுதான் முதல் கேள்வி. நிலம் இருக்கிறதா? வீடு இருக்கிறதா? இருந்தால் அது தகப்பனார் பேரில் இருக்கும். இல்லாவிட்டால் கணவர் பேரில் இருக்கும். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் இந்துப் பெண் தன் கைக்கு வந்த சொத்தை முழு உரிமையுடன் ஆள முடிந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும்தான் கிடைத்தது. அதுவரை அவளுக்கென்று இருந்ததெல்லாம் கழுத்திலும் காதிலும் கிடந்த நகைதான். அது அடகுக் கடைக்குப் போகும் வழியை நன்றாக அறிந்திருந்தது. திரும்பி வரும் வழிதான் பல சமயங்களில் மறந்து போயிற்று.

நிலமும் நகையும் இல்லாதவனுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்ற கேள்வி புதியதல்ல. சென்னை ராஜதானி அரசாங்கம் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே விவசாயிகள் எப்படிக் கடன் வாங்குகிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கண்டுபிடித்திருந்த முறை அவர் மனத்தைக் கவர்ந்தது. ஒரு கிராமத்தார் கூடி, ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு ஏற்பது அந்த முறை. ஊராரின் வாக்கே அங்கே ஜாமீன். 1895-இல் நிக்கல்சன் தம் அறிக்கையைக் கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் அந்தச் சங்கங்களின் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் மிராசுதாரர்களும் உத்தியோகஸ்தர்களுமே. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே அங்கே வேலை இல்லை. வாசலில் கீரைக் கூடையை இறக்கிய பெண்ணைப் பற்றிக் கேட்பானேன்?

1959-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் தேதி, பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களில் ஒருவர். அவர்கள் கையில் இருந்த முதல் 80 ரூபாய். அதுவும் கடன். கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டர். முதல் நாள் தேறியது நாலு பொட்டலம். இதைத் தர்ம காரியம் என்று எண்ணாமல் வியாபாரம் என்று எண்ணுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள், சரக்கின் தரத்தைக் குறைக்காதீர்கள் என்று அவர் வற்புறுத்தினார். அந்தப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த வருஷம் மழை அவர்களைச் சோதித்தது. வெயில் இல்லாமல் அப்பளம் எப்படிக் காயும்? நாலு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருஷம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டினார்கள். மழை பாட்டுக்குப் பெய்தது. அப்பளம் பாட்டுக்குக் காய்ந்தது! முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். 1966-இல் கதர் கிராமத் தொழில் கமிஷன் இந்த ஸ்தாபனத்தை அங்கீகரித்து, நடைமுறை மூலதனமாக 8 லட்ச ரூபாய் கொடுத்தது. இப்போது லிஜ்ஜத் அப்பளத்தை நம்பி 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பிழைக்கிறார்கள். அங்கே அப்பளம் இடுகிற ஒவ்வொருத்தியும் ஸ்தாபனத்தின் பங்காளி. அரசாங்கத்தின் 8 லட்சம் வந்து சேர்ந்தபோது அந்த 80 ரூபாய்க்கு வயது ஏழு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பம்பாய்ப் பெண்களுக்கு 80 ரூபாய் கொடுக்க ஒரு பாரேக் இருந்தார். ஆமதாபாத் மாணேக் சௌக்கில் காய்கறி விற்ற பெண்களுக்கு அப்படி யாரும் இல்லை. காலையில் வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குவார்கள். பொழுது சாய்ந்ததும் 55 ரூபாயாகக் கொடுப்பார்கள். ஒரு பகலுக்கு நூற்றுக்குப் பத்து. வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தலை சுற்ற நேரம் ஏது? மறு நாளும் விடியுமுன் கூடையைத் தூக்க வேண்டுமே!

அந்த நகரத்தில் மில் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவைக் கவனித்து வந்தார் இலா பட் என்ற வக்கீல். தலைச்சுமைக்காரிகள், தெருவோர வியாபாரிகள், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர்கள் ஆகியோரைச் சேர்த்து 1972-இல் 'சேவா' என்ற சங்கத்தை அவர் அமைத்தார். பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் விழித்தார்கள். இந்தப் பெண்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லையே, சங்கம் யாரோடு போராடும் என்று கேட்டார்கள். போராட ஒருவர் இருந்தால்தான் ஒன்று சேர வேண்டுமா என்று திருப்பிக் கேட்டுத்தான் பதிவை வாங்க வேண்டியிருந்தது.

அடுத்தபடியாகப் பணம். 1969-இல் 14 பெரிய பாங்குகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. ஏழைகளுக்கும் கடன் உண்டு என்ற அறிவிப்பும் வந்திருந்தது. சேவா தன் அங்கத்தினர்களை அந்தப் பாங்குகளுக்கு அழைத்துப் போயிற்று. இடுப்பில் குழந்தையும், கசங்கிய புடவையும், வியர்வையுமாகக் கூட்டமாய் வந்து நின்ற பெண்களைக் கண்டு குமாஸ்தாக்கள் முகம் சுளித்தார்கள். பாங்கு திறந்திருக்கும் வேளையில்தான் வியாபாரமும் சூடு பிடித்திருக்கும். தவணைக்கென்று எடுத்து வைத்த பணம் வீட்டில் தங்காது. கணவனோ, பழைய வட்டிக்காரனோ கொண்டு போய்விடுவான்.

1973-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பழந்துணி விற்கும் ஒரு பெண் எழுந்து, நாமே ஒரு பாங்கு வைத்தால் என்ன என்று கேட்டாள். அதற்குப் பணம் வேண்டுமே, நாம் ஏழைகள் ஆயிற்றே என்றார் இலா பட். ஏழைகள்தான், ஆனால் நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பதில் வந்தது.

தலைக்குப் பத்து ரூபாய் என்று 4,000 பெண்கள் பங்கு போட்டார்கள். இப்போதும் பதிவு அதிகாரி தயங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை நம்பிப் பாங்கு நடத்துவதா? ஸ்தாபகர்களாக இருக்க முன்வந்த பெண்கள் இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். காய்கறி நறுக்கியும் துணி கிழித்தும் காய்த்துப் போன விரல்கள் எழுத்துக்குப் பணிய மறுத்திருக்கும். எப்படியோ பொழுது விடிவதற்குள் பணிய வைத்துவிட்டார்கள். 1974-இல் பாங்கு பதிவாயிற்று. கணக்குக்கு வந்தவர்களுக்கு வேறோர் உபாயம் செய்தார்கள். கணக்கு எண்ணை ஒரு சிலேட்டில் எழுதி, அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துவிட்டார்கள். எழுதத் தெரியாவிட்டால் என்ன, முகம் பொய் சொல்லாது அல்லவா?

நம் சென்னையிலும் இதே கதை சில ஆண்டுகளில் நடந்தது. காங்கிரஸ் ஊழியராக இருந்த ஜெயா அருணாசலம் 1978-இல் உழைக்கும் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இட்லிக் கடை, பூக்கடை, மீன் கூடை வைத்துப் பிழைத்த பெண்கள் அதில் சேர்ந்தார்கள். நூற்றுக்கு 4 வட்டியில் ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று 1972 முதல் பாங்குகளில் இருந்து வந்தது. ஒரே தெருவில் இருக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன் நின்று அந்தக் கடனைப் பெற்றார்கள். பாங்குகளோடு மல்லாடி அலுத்துப் போய், 1981-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள். நிக்கல்சன் சீமையில் கண்டு வந்த சரக்கு, கடைசியில் சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதிக் கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1992-இல் சுய உதவிக் குழுக்களைப் பாங்குகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு தொடங்கியது; ஊருக்கு ஊர் குழுக்கள் பெருகின. பெண்கள் வாங்கிய கடன் தவறாமல் திரும்பி வருகிறது என்ற செய்தி லாபம் தேடுபவர்களின் காதிலும் விழுந்தது. நிறுவனங்கள் புறப்பட்டு வந்தன. ஒரே பெண்ணின் தலையில் நாலு நிறுவனங்கள் கடனைக் கட்டின. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களை அவள் வாசலில் கொண்டு போய் உட்கார வைத்தார்கள். ஆபத்துக்குத் துணையாக இருந்த அண்டை வீட்டுக்காரி, கடன் வசூலிக்கும் சேவகியாக மாறினாள். ஆந்திரப் பிரதேசத்தில் பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது.

முறை அதேதான். ஒருத்திக்கு மற்றவள் ஜாமீன். ஆமதாபாத்தில் அது ஊன்றுகோலாகவும், ஆந்திராவில் கழுத்துக் கயிறாகவும் இருந்தது ஏன்? ஆமதாபாத்தில் கடன் வாங்கியவளே பாங்கின் சொந்தக்காரி. தன்னால் எவ்வளவு திருப்பித் தர முடியும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியின் கஷ்டமும் தெரியும். வட்டியில் லாபம் வந்தால் அது அவள் வீட்டுக்குத்தான் போகும். ஆந்திராவில் பெண்கள் ஜாமீன் கொடுத்தார்கள், லாபம் வேறு யாருக்கோ போயிற்று.

பெரிய முதல் போட்டால் இந்தக் குறை தீருமா என்றால், அதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. பெண்களுக்கென்றே 1,000 கோடி ரூபாய் மூலதனத்துடன் பாரதிய மகிளா பாங்கை 2013-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு தொடங்கியது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது ஸ்டேட் பாங்கோடு கலந்து மறைந்தது. பத்துப் பத்து ரூபாயாகச் சேர்ந்த ஆமதாபாத் பாங்கோ ஐம்பது வயதைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. இலா பட் 2022-இல் காலமானார். அவருடைய பாங்கின் வாசலில் இன்றும் கூடைக்காரிகள் கூச்சமில்லாமல் படி ஏறுகிறார்கள். அது தங்கள் வீடு என்று அவர்களுக்குத் தெரியும்.